குலுக்கினால் பேசும் கூடு

குருவிக்குட்டைக்குப் போய் இந்தச் சங்கதியை யாரிடம் கேட்டாலும் முதலில் டீ வரும், டீக்குப் பின்னால் மஞ்சப்பையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் பத்திரமாக வைத்திருக்கும் பட்டுக்கூடு ஒன்று வரும், அதை உங்கள் காதோரம் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கி, "கேட்டுச்சுங்களா?" என்று கேட்டு, நீங்கள் தலையாட்டிய பிறகுதான் கதையே வரும், ஆளுக்கொரு கூடு, கூட்டுக்கொரு கதை என்பதால் எல்லாவற்றையும் கேட்டுத் தீர்க்க ஒரு வாரம் பிடிக்கும். அவ்வளவு பொழுது இல்லாதவர்கள் சம்பூரணத்திடமிருந்து தொடங்கிவிடுவது நல்லது. எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தவைதான்.

சம்பூரணம் திருமலைசாமியைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருசம். அத்தனை வருசத்திலும் அவள் வாயிலிருந்து ஊர் கேட்ட சொற்கள் "சரிங்", "ஆகட்டுங்", "வெச்சிருக்கறனுங்" என்ற மூன்றே மூன்று. பால்காரர் ஏமாற்றினாலும் "சரிங்". பஸ் நிற்காமல் போனாலும் அதன் பின்பக்கத்தைப் பார்த்து "ஆகட்டுங்". அவளுடைய மாமியார் பழனாத்தாளோ குரலை இறக்கிப் பேசினாலே பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்; ஊரில் அவள் சண்டை போடாத வீடு கிடையாது, சண்டை போட்ட மறுநாள் போய்க் காப்பி குடிக்காத வீடும் கிடையாது. அந்தப் பழனாத்தாள் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம், "என்ற மருமக தங்கம். பத்தொம்பது வருசத்துல ஒரு எதுர்ப்பேச்சு? ம்கூம்" என்று பெருமையடிப்பாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகம் ஏனோ கொஞ்சம் வாடிப்போய் இருக்கும். வெயிலில் வந்த களைப்பு என்று எல்லோரும் மோர் கொடுத்தார்கள்.

வீட்டுக்குப் பின்னால் மல்பெரித் தோட்டம், தோட்டத்துக்கு நடுவே புழு மனை. பட்டுப்புழு வளர்க்கும் அந்த நீளக் கட்டடத்துக்குள் வீட்டு ஆட்களைத் தவிர ஒரு ஈ காக்கை நுழையக் கூடாது. நோய் என்பது வெளியாள் காலோடுதான் வரும் என்பது அந்தத் தொழிலின் சட்டம். ஆகவே வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் பாதத்தை நனைத்து, கையைக் கழுவி, ஊசி ஈ புகாமல் தொங்கவிட்ட வலையை விலக்கி உள்ளே போய், மறுபடி இழுத்து மூட வேண்டும். பிரசிடெண்ட் வந்தாலும் வலைக்கு வெளியேதான். யோசித்துப் பார்த்தால், யார் என்ன பேசினார்கள் என்பது சாயங்காலத்துக்குள் டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிடுகிற குருவிக்குட்டையில், பேசியது வெளியே போகாத ஒரே ஒரு அறை அதுதான்.

அங்கேதான் சம்பூரணத்துக்கு வாய் திறந்தது.

புழுக்கள் அவள் கைக்கு வரும்போது இரண்டு தூக்கம் முடிந்து, நகக்கண் நீளத்துக்கு இருக்கும். மூன்று நான்கு நாள் தின்னும், பிறகு தின்பதை நிறுத்தி, தவத்தில் உட்கார்ந்த சாமியார்கள் மாதிரி தலையை மட்டும் தூக்கிக்கொண்டு அசையாமல் ஒரு நாள் கிடக்கும். அதற்குப் பெயர் மூணாந்தூக்கம். தூங்கி எழும்போது பழைய தோலைச் சட்டையைப் போலக் கழற்றிப் போட்டுவிட்டு, இன்னும் பெரிய பசியோடு இலையைத் தேடும். நாலாந்தூக்கம் முடிந்து எழுந்ததென்றால் அப்புறம் அதற்கு உடம்பே கிடையாது, முழுக்க வாய்தான். ஆயிரக்கணக்கான வாய்கள் ஒரே நேரத்தில் இலையை அரிக்கிற சத்தம் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அந்த மழைக்குள் நின்றுகொண்டு என்ன பேசினாலும் வெளியே கேட்காது. சம்பூரணம் முதலில் தொண்டையைக் கனைத்துப் பார்த்தாள். பிறகு பால்காரரைப் பற்றி ஒரு வரி சொன்னாள். சொன்னதும் நெஞ்சு லேசாக இருந்தது. மறுநாள் பஸ் கண்டக்டர், அதற்கு மறுநாள் பிரசிடெண்ட், நாலாந்தூக்கம் தாண்டி ஐந்தாம் நாள் வருவதற்குள் நாத்தனார் பாடுகிற லட்சணம், டீக்கடை கோவிந்தின் நியாயம், கட்டின புருசன் நிற்கிற நிலை என்று ஊரையே உரித்துப் புழுத் தட்டில் தூவினாள். புழுக்கள் இலையோடு சேர்த்து அதையும் தின்றன. இலையில் ஈரம் இருந்தால் ஒத்துக்கொள்ளாத புழுக்களுக்கு அவள் பேச்சு நன்றாகவே ஒத்துக்கொண்டது. அந்த பேட்ச் மாதிரி திடமான புழு அதற்கு முன் அவர்களுக்கு விளைந்ததில்லை.

ஆறாம் நாள் அவள் சொன்ன ஒன்றுதான் சிக்கல்.

அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைத்து இறக்குகிற பழனாத்தாளின் அரிசிம்பருப்பு அந்த வட்டாரத்தில் பேர் பெற்றது. காதுகுத்து, சீர், கோயில் பொங்கல் எதுவானாலும் "பழனாத்தா கையால ஒரு சட்டி" என்று ஆள் வரும். ஒன்பது வருசத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. அதன் பிறகு அவள் இறக்கி வைக்கிற சட்டியில் உப்பு இருப்பதில்லை. பெரிய மனுசிக்கு நாக்குச் செத்துப்போய்விட்டது, சொன்னால் ஒடிந்துவிடுவாள் என்று சம்பூரணம் எண்ணிக்கொண்டு, மாமியார் கை கழுவத் திரும்புகிற நேரத்தில் உப்புச் சாடியைத் திறந்து, கரண்டியில் கரைத்து, சட்டியில் ஊற்றிக் கிளறி விட்டுவிடுவாள். அந்த ஆறாம் நாள் ஒரு சீர் வீட்டில் ஊரே பழனாத்தாளைப் புகழ்ந்து தள்ள, அவளும் "கைப்பக்குவமுங்க, வேறென்ன" என்று சிரிக்க, அதைக் கேட்டுவிட்டு வந்த சம்பூரணம் மூன்றாவது அடுக்கின் வடக்கு மூலையில் நின்று இலையை உதறிப் போட்டபடி, "கைப்பக்குவமாம்! அத்தைக்கு நாக்குச் செத்து ஒம்போது வருசமாச்சு, உப்புப் போடறவ நானு" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

பிறகு புழுக்கள் பழுத்தன. தின்பதை விட்டுவிட்டு, உடம்பு கண்ணாடி மாதிரி தெளிந்து, தலையைத் தூக்கி எட்டுப் போட்டபடி நூல் கக்கின. இரண்டு நாளில் கூட்டைக் கட்டி உள்ளே போயின. உள்ளே கடைசித் தோலையும் கழற்றிவிட்டு, கால் இல்லாமல், வாய் இல்லாமல், பழுப்பு நிறத்தில் பேரீச்சங்கொட்டை மாதிரி கூட்டுப்புழுவாகிக் கிடந்தன. கூடு கட்டத் தொடங்கிய ஆறாம் நாள், முதல் இரண்டு அடுக்குகளின் கூட்டைப் பறித்துத் திருமலைசாமி சாக்கில் கட்டிக்கொண்டு பட்டுக்கூடு அங்காடிக்குப் போனான். மூன்றாவது அடுக்கு ஒரு நாள் பிந்திப் பழுத்ததால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டான்.

அங்காடியில் கூடு வாங்க வருகிறவர்கள் கண்ணால் பார்ப்பது கொஞ்சம், காதால் பார்ப்பதுதான் மிச்சம். ஒரு கூட்டை எடுத்துக் காதோரம் குலுக்குவார்கள். உள்ளே லொட லொடவென்று ஆடினால் முற்றிய கூடு, ஒட்டிக்கொண்டு ஆடாமல் இருந்தால் அவசரத்தில் பறித்தது, அல்லது உள்ளே அழுகியது. நூல் பட்டறை வைத்திருக்கும் சத்தார் பாய் இருபத்தைந்து வருசமாக அப்படிக் குலுக்கியே வாங்குகிறவர். அவர் திருமலைசாமியின் கூட்டில் ஒன்றை எடுத்துக் குலுக்கினார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், நிதானமாக, "எங்க ஊட்டுக்காரரு ஒரு வேலையத் தொடங்கறக்கு முன்னால இடுப்புல கை வெச்சுட்டு நிக்கற நேரத்துக்கு, அந்த வேல தானா முடிஞ்சு ஊட்டுக்குப் போயிரும்" என்றது.

சத்தார் பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"திருமலசாமி, கைய இறக்குங்க."

திருமலைசாமி இடுப்பிலிருந்து கையை இறக்கினான். பாய் இன்னொன்றைக் குலுக்கினார். அதிலிருந்து குறட்டை வந்தது.

"இது யாரு?"

திருமலைசாமி வாங்கிக் கேட்டான். "அது நானுங் பாய். புழுவுக்குக் காவலுக்குப் படுத்திருந்தனுங்."

"புழு கெட்டியா இருக்கு, நூலும் நல்லா வரும்," என்றார் பாய், கூட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து. "வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. பரவால்ல, நம்ம பட்டறைப் பொம்பளைங்களுக்கு வேலை பண்றப்போ பொழுது போகும்."

அங்காடிக்கு வந்திருந்த பட்டு வளர்ச்சித் துறை உதவி ஆய்வாளர் டேவிட், கடமை தவறாதவர், உடனே படிவத்தை எடுத்தார். பால் நோய், சுண்ணாம்புக்கட்டி நோய், ஊசி ஈ என்று வரிசையாக இருந்த கட்டங்களில் எதிலும் இது அடங்காததால் 'இதர' என்ற கட்டத்தில் 'பேசுகிறது' என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். மூன்று நாள் கழித்து, 'எந்த மொழியில் என்பதைத் தெளிவுபடுத்தவும்' என்று பதில் வந்தது.

திருமலைசாமி வீட்டுக்குப் போன் போட்டு, "ஏம்புள்ளே, நம்ம கூடு பேசுது" என்றான். சம்பூரணம் "சரிங்" என்றாள். போனை வைத்த பிறகுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. மூன்றாவது அடுக்கு, வடக்கு மூலை.

அன்றே பறித்து ஒளித்துவிடலாம் என்றால், முதிராமல் பறித்த கூட்டில் உள்ளே இருப்பது நசுங்கிவிடும். பத்தொன்பது வருசமாகப் புழு வளர்ப்பவளுக்குக் கை வரவில்லை. கூட்டுக்குள் போன புழுவுக்கு வெளியாள் காலால் நோய் வராது என்பதால், மறுநாள் விடிந்தபோது கூடு பறிக்க வழக்கம்போல அக்கம்பக்கத்துப் பெண்கள் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். வழக்கமாக மளமளவென்று பறித்துக் கூடையில் போடுகிறவர்கள், அன்று ஒவ்வொன்றையும் பறித்துக் காதில் வைத்துக் குலுக்கி, கேட்டு, வாயைப் பொத்திச் சிரித்து, பிறகுதான் போட்டார்கள். "ஏனக்கா, இது உன்ற கொழுந்தனாருது!" "அட கெரகமே, என்ற பல்லப் பத்தி!" "சத்தம் போடாத, எனக்குக் கேக்க மாட்டீங்குது!" சம்பூரணம் வடக்கு மூலையில் உட்கார்ந்து, முதுகால் அந்த மூலையை அடைத்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கக் குலுக்கினாள். பால்காரர் வந்தார். நாத்தனார் வந்தாள். திருமலைசாமியின் குறட்டை ஏழு தடவை வந்தது. உப்பு மட்டும் வரவில்லை.

அப்போதுதான் பக்கத்திலேயே பழனாத்தாள் வந்து குந்தியிருப்பதைப் பார்த்தாள். பழனாத்தாள் ஒரு கூட்டைப் பறித்தாள், காதோரம் குலுக்கினாள், கேட்டாள். முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அதைக் கூடையில் போடாமல் சேலை மடியில் செருகிக்கொண்டு, அடுத்த கூட்டைப் பறிக்கப் போனாள்.

உப்பு அதற்குள்தான் என்று முடிவுகட்டிய சம்பூரணம், மிச்சத்தைக் குலுக்காமலே பறித்துக் கூடையில் போட்டாள்.

மிச்சக் கூடுகளைத் திருமலைசாமி மறுநாள் அங்காடிக்குக் கொண்டுபோய்ப் பாயிடமே போட்டுவிட்டான். மடிக்குள் போனது மட்டும் வீட்டில் இருந்தது. பழனாத்தாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் பெரிய பயம். எதையும் கேட்காமல் விடாத மனுசி கேட்காமல் இருக்கிறாள் என்றால் மனசு உடைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? இனி சட்டியைத் தொடமாட்டாள், சீர் வீட்டிலிருந்து ஆள் வந்தால் உடம்புக்கு முடியவில்லை என்று கதவைச் சாத்திக்கொள்வாள், அந்தப் பெரிய குரல் மெதுமெதுவாக இறங்கி, கடைசியில் "சரிங்" என்ற அளவுக்கு வந்து நின்றுவிடும். ஒரு வீட்டுக்கு ஒரு ஊமை போதாதா என்று சம்பூரணம் பாத்திரம் தேய்த்தபடி அழுதாள்.

ஊர் அதற்குள் பழகிவிட்டது. அங்காடிக்குப் போனது போக, பறிக்க வந்த பெண்கள் கையோடு கொண்டுபோனவை நூறு நூற்றைம்பது இருக்கும். அவற்றை மொட்டை மாடியில் முறத்தில் பரப்பி நல்ல வெயிலில் காயவைத்தால் உள்ளே இருப்பது அடங்கி, பேச்சு மட்டும் நிலைத்து நிற்கிறது என்று கண்டுபிடித்தார்கள். கோவிந்து, "அவன் டீயும் நியாயமும் ஒரே பதம், ரெண்டுலயும் தண்ணிதான் தூக்கல்" என்ற கூட்டை பிஸ்கட் பாட்டிலுக்குள் போட்டுக் கடைமேல் வைத்தான். கேட்க வந்தவர்கள் எல்லோரும் டீ குடித்ததால் தண்ணீர் இன்னும் தூக்கலானது. பிரசிடெண்ட் ஒருநாள் சட்டைப்பையில் கூட்டோடு வலைக்கு வெளியே வந்து நின்றார்.

"ஏனம்மிணி, பின்னால நாலு பேரு வர்றாப்புல நெனச்சுட்டு நடக்கறேன், ஆனா வர்றது என்ற வேட்டி நுனி மட்டுந்தான்னு சொல்லியிருக்கறே."

சம்பூரணம் தலையைக் குனிந்தாள்.

"திரும்பிப் பாத்தனம்மிணி. நெசந்தான்," என்றார் பிரசிடெண்ட் வருத்தத்தோடு. மறுநாள் முதல் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்தார். நான்கு வருசமாக அடைத்துக் கிடந்த சாக்கடை அவர் காலில் பட்டு, அந்த வாரமே சுத்தமானது.

சத்தார் பாயின் பட்டறைப் பெண்கள் கொதிநீரில் கூட்டைப் போட்டு நூல் எடுக்கும்போது ஒவ்வொரு கூடும் தன் பேச்சைக் கடைசியாக ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் அடங்கியது. அவர்கள் குருவிக்குட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனாலும் திருமலைசாமியின் எண்ணுக்குப் போன் போட்டு, "அண்ணா, அந்த நாத்தனாரு இப்பவும் பாடறாங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

சங்கடப்பட்டவள் ஒருத்தி மட்டும்தான். எதிர்வீட்டு ரங்கநாயகி. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

"பத்தொம்பது வருசமா எதுருக்கெதுரு ஊடு. உன்ற ஊட்டுல தண்ணி வருலீன்னா என்ற ஊட்டுல புடிப்பே. நானூறு கூடு குலுக்கிப் பாத்துட்டேன் புள்ளே. என்னயப் பத்தி ஒரு வார்த்தை? நானென்ன அவ்வளவு ஒண்ணுமில்லாதவளா?"

"அப்படியில்லீங்க்கா..."

"அப்ப இப்பச் சொல்லு. என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

சம்பூரணம் அவள் முகத்தைப் பார்த்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் எதிரே இலை இல்லை, மழைச் சத்தம் இல்லை, ஒரே ஒரு மனுச முகம்தான் இருந்தது. "சரிங்" என்றாள். ரங்கநாயகி மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

டேவிட் சார் பதிலனுப்புவதற்காக மொழியைக் குறித்துக்கொள்ள வந்தபோது, சம்பூரணம் வலைக்கு உள்ளிருந்தபடி தயங்கித் தயங்கி, "சார், கூட்டக் காய வெக்காம உட்டா என்னாகுமுங்?" என்று கேட்டாள்.

"கூடு கட்டின பன்னெண்டாம் நாள் அதை நனைச்சு ஓட்டை போட்டுக்கிட்டு அந்துப்பூச்சி வெளிய வரும்மா. அந்தக் கூடு அப்புறம் எதுக்கும் ஆகாது, உள்ள ஒண்ணும் நிக்காது."

"பூச்சி பேசுமுங்ளா?"

டேவிட் சார் இதுவரை படித்த படிப்பு முதன்முதலாகப் பயன்பட்ட மகிழ்ச்சியில் சிரித்தார். "அதுக்கு வாயே கிடையாதும்மா. புழுவா இருக்கும்போதே மொத்தத்தையும் தின்னு முடிச்சிருது இல்ல? பூச்சி தின்னாது, குடிக்காது. ரெண்டு மூணு நாள் சிறகடிச்சிட்டுச் செத்துரும்."

அதைக் கேட்டதிலிருந்து சம்பூரணம் நாளை எண்ணினாள். பன்னிரண்டாம் நாள் வரைக்கும் அந்த மடிக்கூட்டை வேறு யாரும் குலுக்காமல் இருந்தால், பேச்சு வாயில்லாத பூச்சியோடு போய்விடும். பழனாத்தாள் கேட்டது கேட்டதுதான், ஆனால் ஊர் கேட்காது, சட்டி பிழைத்துக்கொள்ளும். பத்தாம் நாள் பழனாத்தாள் முன்கூடமான ஆசாரத்தில் நின்று யாரோடோ போனில் தாழ்ந்த குரலில் பேசினாள். தாழ்ந்த குரலா என்று சம்பூரணம் பதறினாள். பதினோராம் நாள் ஒன்றுமில்லை. புழு மனையைக் கழுவி மருந்தடித்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அடுத்த பேட்ச் இளம்புழு வந்து இறங்கியது. அன்று மதியத்துக்குப் பழனாத்தாள் அரிசிம்பருப்பு வைத்தாள். இறக்கினாள். "கை கழுவிட்டு வாரேன்" என்று எப்போதையும்விடச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள். சம்பூரணம் ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டாள். உப்பு இல்லை. உப்புச் சாடியைத் திறந்தாள்.

கல் உப்பின் மேலே வெள்ளைவெளேரென்று ஒரு கூடு இருந்தது.

ஒரு முனை ஏற்கெனவே லேசாக ஈரம் கட்டியிருந்தது. இன்னும் அரைமணி போனால் ஒன்றும் மிஞ்சாது. எடுத்துக் காதோரம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, குலுக்கினாள்.

உள்ளேயிருந்து வந்தது அவள் குரல் இல்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கிற குரல், கூட்டுக்குள் அடங்குமளவுக்கு இறங்கி, "ஒம்போது வருசமா வேணும்னே உப்பில்லாம இறக்கி வெக்கறேன் சாமி. ஒருநாளாச்சும் 'அத்தே, உப்பில்லே'ன்னு என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்றாளா? செவுத்தோட குடும்பம் நடத்தறாப்புல இருக்குது" என்றது.

சம்பூரணம் கண்ணைத் திறந்தபோது பழனாத்தாள் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கை கழுவின ஈரமே இல்லை.

"உங்குளுக்கு... நாக்கு..."

"என்ற நாக்குக்கு என்ன கேடு? காச்சல்ல ஒரு வாரம் செத்துக் கெடந்துது. அப்ப உப்பில்லாம வெச்சுட்டேன். நீ ஒண்ணுஞ் சொல்லாம பூனையாட்டம் வந்து போட்டுட்டுப் போனே. அடுத்த வாரமே நாக்கு வந்துருச்சு. செரி, இன்னொருக்கா வெச்சுப் பாப்பம், கேக்கறாளான்னு பாத்தேன். ஒரு தடவையா, ரெண்டு தடவையா! நடுவால நீ தோட்டத்துக்குப் போற நேரத்துல உள்ள போயி அந்தப் புழுவுகிட்டச் சொல்லி அழுதேன். அங்க பட்டறையில இருந்து ஒரு புள்ள போன் பண்ணி, 'நாக்குச் செத்த அத்தை எப்படி இருக்காங்க'ன்னு எங்கிட்டயே கேக்கறா! ஊரு ஒலகத்துக்கெல்லாம் சொல்லுவே, எனக்குச் சொல்ல மாட்டே. அப்படித்தானே?"

சம்பூரணத்துக்கு அந்த ஒன்பது வருசமும் ஒரே மூச்சில் நெஞ்சுக்கு ஏறியது. எத்தனை சட்டி, எத்தனை கரண்டி, எத்தனை தடவை பின்பக்கத்தையும் முன்பக்கத்தையும் பார்த்துப் பார்த்து உப்புக் கரைத்தது. தூங்கி எழுந்து தோல் கழற்றுகிற புழுவுக்கு எங்கேயோ ஒரு இடத்தில் முதல் விரிசல் விழுமே, அப்படி அவள் தொண்டையில் ஏதோ விட்டது.

"அத்தே!" என்றாள். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பழனாத்தாள் குரல்தான் என்று நினைத்து மறுபடி திரும்பிக்கொண்டார்கள். "வேணும்னேவா? வேணும்னேவா உப்பில்லாம வெச்சீங்க? உங்குளுக்கு நோவுன்னு நெனச்சு நான் குலதெய்வத்துக்கு மொட்டை வேண்டியிருக்கறேன், தெரியுமா உங்குளுக்கு?"

"உன்னய யாரு வேண்டச் சொன்னா?"

"நீங்க சொல்லோணுமா? ஒம்போது வருசம் நாடகம் போட்ட மனுசி, சீர் ஊட்டுல நின்னுட்டு 'கைப்பக்குவம்'னு சொல்றீங்ளே, அது என்ற கையிங்!"

"சொல்லு! இன்னுஞ் சொல்லு!" என்றாள் பழனாத்தாள், முகமெல்லாம் மலர்ந்து, சண்டைக்கு வசதியாகச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. "அப்பறம் உன்ற ரசத்தப் பத்தி நான் சொல்றேன், கேளு!"

ரசத்தில் தொடங்கி அது பத்தொன்பது வருசத்தையும் சுற்றி வந்தது. கல்யாணச் சேலை நிறம், முதல் பொங்கலுக்கு உடைந்த பானை, யார் யாருடைய தலையணையை எடுத்தது என்று இருவரும் ஒவ்வொன்றாக இழுத்துப் போட, வாசலில் ஊர் கூடிவிட்டது; பிரசிடெண்ட் வேட்டியைத் தூக்கிக் கட்டியபடி முன்வரிசையில் நின்றார். எல்லோருக்கும் முன்னால் தலையை நீட்டிக்கொண்டு நின்றவள் ரங்கநாயகி. சம்பூரணம் மூச்சு வாங்கத் திரும்பியபோது அந்தத் தலை கண்ணில் பட்டது.

"நீங்க எதுக்கு இங்க எட்டிப் பாக்கறீங்க்கா? எங்க ஊட்டு இட்லிக்குக் கூட உங்குளுக்குத் தெரியாம வேகறக்கு வழியில்ல! உங்க கழுத்து ஒரு வருசத்துக்கு ஒரு விரக்கடை நீளமாயிட்டே வருது, அளந்து பாருங்க!"

ரங்கநாயகி நெஞ்சில் கையை வைத்தாள். கண்ணில் நீர் தளும்பியது. "கேட்டீங்களா எல்லாரும்?" என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அப்படியே நெஞ்சில் கை வைத்தபடி, மனசு நிறைந்து வீட்டுக்குப் போனாள்.

சண்டை நடுவே, சம்பூரணம் உப்புச் சாடி விளிம்பில் வைத்துவிட்ட கூட்டின் முனை ஈரத்தில் இளகி, அந்துப்பூச்சி கசங்கின சிறகோடு வெளியே வந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அது சாடி விளிம்பிலேயே உட்கார்ந்து, சொல்வதற்கு வாயில்லாமல், இரண்டு பேர் பக்கமும் மாறி மாறிச் சிறகடித்தது. சண்டை போட்டபடியே சம்பூரணம் சட்டியில் ஒரு கை உப்புப் போட்டாள். "தள்ளு, அளவு தெரியாதவளே" என்று பழனாத்தாளும் ஒரு கை போட்டாள்.

இரண்டு பேருக்கும் தொண்டை வறண்டபோதுதான் திருமலைசாமி சாப்பிட வந்தான். வட்டலை வைத்து, அரிசிம்பருப்பைப் போட்டு, நெய் ஊற்றி, இரண்டு பக்கமும் ஆளுக்கொருத்தியாக நின்றுகொண்டார்கள்.

"சொல்லுடா, உப்பு எப்படி இருக்குது?"

"சொல்லுங்க மாமா. அத்தை மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

திருமலைசாமி ஒரு வாய் வைத்தான். அம்மாவைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஊரைப் பார்த்தான். பழக்கதோசத்தில் கை இடுப்புக்குப் போனது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவன் போல அதை இறக்கிவிட்டு எழுந்து, தோட்டத்துப் பக்கம் நடந்தான். புழு மனை வாசலில் நின்று, பிளீச்சிங் தண்ணீரில் இரண்டு பாதத்தையும் தன் ஆயுளில் முதல் தடவையாக விரலிடுக்கு வரை நனைத்து, கையைக் கழுவி, வலையை விலக்கி உள்ளே போய், ஒரு இடைவெளி இல்லாமல் இழுத்து மூடினான்.

காலையில் வந்த இளம்புழுக்கள் நகக்கண் நீளத்தில், முழுக்க வாயாக, இலைக்குக் காத்திருந்தன. அவன் இரண்டு கை நிறைய இலையை அள்ளித் தூவிவிட்டு, குனிந்து, தொண்டையைக் கனைத்தான்.